குணநலன்கள் என்று ஒரு சொற்பிழை

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஒரு மொழிபெயர்ப்பை நம்மிடம் அனுப்பியிருந்தார். கோவையில் சில மருத்துவர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து நோயாளிகளுக்காகக் கொண்டுவர நினைக்கும் ஒரு சிறு கையேட்டின் படி அது. தமிழ் படித்தவர்கள் என்கிற ஒரே தகுதியை வைத்து, "ஒற்றுப் பிழை மட்டும் பார்த்துத் தந்தால் போதும்" என்று குறிப்பும் வைத்திருந்தார். ஒற்றுப் பிழை பார்க்க உட்கார்ந்தவர்கள் ஒற்றுப் பிழையோடு எழுந்ததாக வரலாறு இல்லை. நாமும் எழவில்லை.

நோயின் பெயர் பர்ஜர் நோய். கை கால்களின் சிறிய, நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் அரிய நோய் இது. மருத்துவமனைகளில் இதன் நீண்ட பெயரைச் சுருக்கி 'டி.ஏ.ஓ.' என்பார்கள். (ஒரு நாளிதழ்க் குறிப்பில் இதைப் 'பர்கர் நோய்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயா, அது தின்றால் வருவதா?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டதும் உண்டு.) கட்டுரையின் நடுவில் ஓர் அட்டவணை. ஆங்கிலத்தில் 'பேஷண்ட் கேரக்டரிஸ்டிக்ஸ்' என்றிருந்த அதன் தலைப்பை நண்பர் இப்படித் தமிழாக்கியிருந்தார்: 'நோயாளிகளின் குணநலன்கள்'. அதன் கீழே வரிசையாக: ஆண், வயது 45க்குக் கீழ், பீடி அல்லது சிகரெட் பழக்கம், உடலுழைப்புத் தொழில், குறைந்த வருவாய்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆணாக இருப்பதும் நாற்பது வயதாக இருப்பதும் ஒருவருடைய குணநலனா? சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் 'விவரங்கள்' என்று எழுதினோம். ஆனால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. நண்பர் தவறிப்போய் ஓர் உண்மையை எழுதிவிட்டார் என்று தோன்றியது. இந்த நோய் கண்டவனை நம் ஊரில் எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்கள். அவனுடைய விவரங்களை அவனுடைய குணமாகப் படிக்கிறார்கள். மருத்துவமனையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

நோயைப் பற்றி முதலில் சில செய்திகள். 1879இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்ட்டர் என்னும் அறுவை மருத்துவர் இத்தகைய ஒரு காலை ஆராய்ந்து எழுதினார். அதே ஆண்டு அதே வியன்னாவில் பிறந்த லியோ பர்ஜர், பின்னாளில் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பணியாற்றி, வெட்டியெடுக்கப்பட்ட 11 உறுப்புகளை நுணுகிப் பார்த்து 1908இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. முதுமையில் கொழுப்புப் படிந்து தமனி தடிப்பது வேறு, இது வேறு. இங்கே குழாயின் சுவர் பெரிதும் சிதைவதில்லை. உள்ளே அழற்சியோடு கூடிய இரத்தக்கட்டி உருவாகி வழியை அடைக்கிறது. அடைப்பு விரல் நுனிகளுக்கு அருகே தொடங்கி மெல்ல மேலேறுகிறது. அடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போக உடல் புதிய சிறு நாளங்களை விடுகிறது. அவற்றை நிழற்படத்தில் பார்த்தால் அவரைக்கொடியின் பற்றுச்சுருள் போல நெளிந்து நெளிந்து இருக்கும். பந்தலுக்கு எட்டாத கொடியின் தவிப்பு அந்தப் படத்தில் தெரியும்.

நோயாளிக்குத் தெரிவது வேறு. கொஞ்ச தூரம் நடந்தால் பாதமோ கெண்டைக்காலோ இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். நாளாக ஆக நிற்கும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம் குறையும். பேருந்து நிறுத்தத்திலிருந்து தறிக்கூடம் வரை ஒரே மூச்சில் போனவர் நடுவில் டீக்கடையில் நிற்பார். பிறகு டீக்கடைக்கு முன்னாலிருக்கும் வேப்பமரத்தடியிலேயே நிற்பார். அதன்பிறகு நடக்காமல் இருக்கும்போதும் வலிக்கும். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க முடியும். பின்னர் ஒரு விரல் நுனி கறுக்கும்.

இந்த நோயாளி யார் என்பதற்கு மருத்துவம் சொன்ன விடைகளின் வரலாறு சுவையானது, கொஞ்சம் வெட்கப்பட வைப்பதும்கூட. பர்ஜர் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த யூதர்கள். ஆகவே இது யூதர்களின் நோய் என்று நெடுநாள் எழுதினார்கள். ஓர் இனத்தின் இரத்தத்திலேயே குறை இருப்பதாகப் பேசப்பட்டது. பிறகு ஜப்பானிலும் கொரியாவிலும் இந்தியாவிலும் நோயாளிகள் திரளாகத் தென்பட்டார்கள். கால் தமனி அடைப்போடு வருபவர்களில் பர்ஜர் நோய் கண்டவர்களின் பங்கு மேற்கு ஐரோப்பாவில் நூற்றுக்கு ஆறைத் தொடவில்லை. இந்தியாவில் 45 முதல் 63 வரை என்று சென்ற நூற்றாண்டின் பிற்பகுதிக் கணக்கு ஒன்று சொன்னது. அமெரிக்காவில் அரிய நோய் என்று பாடம் படித்துவிட்டு நம் அரசு மருத்துவமனையின் வார்டுக்குள் நுழையும் இளம் மருத்துவருக்கு 'அரிய' என்ற சொல்லின் பொருள் குழம்பிப் போகும்.

அடுத்து, இது ஆண்களின் நோய் என்றார்கள். 1970க்கு முந்தைய அறிக்கைகளில் பெண்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மேலைநாடுகளில் பெண்களும் பரவலாகப் புகைக்கத் தொடங்கிய பின் வெளிவந்த அறிக்கைகளில் அது 11 முதல் 23 வரை ஏறியது. ஆண் என்பது உடம்பில் இருந்த விவரம் அன்று, கையில் இருந்த விவரம் என்று அப்போதுதான் புரிந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1947இல் பதிவான ஒரு லட்சம் நோயாளிகளுக்கு 104 பேர் என்றிருந்த பர்ஜர் நோய், 1986இல் 12.6 ஆகக் குறைந்தது. புகைப்பவர் தொகை அங்கே குறைந்தது ஒரு காரணம். நோயை வரையறுப்பதில் கண்டிப்பு கூடியது இன்னொன்று.

இப்படி இனம் உதிர்ந்தது, பால் உதிர்ந்தது, புகையிலை மட்டும் உதிரவில்லை. 1998இல் ஜப்பானிய மருத்துவர் ஷியோனோயா வகுத்த ஐந்து நிபந்தனைகளில் முதலாவது புகைப்பழக்கம். 50 வயதுக்கு முன் தொடக்கம், முழங்காலுக்குக் கீழ்த் தமனிகளில் அடைப்பு, கைகளிலும் பாதிப்பு அல்லது இடம் மாறி மாறி வரும் சிரை அழற்சி ஆகியவை அடுத்த மூன்று. ஐந்தாவதுதான் நம்மை யோசிக்க வைத்தது. தமனி அடைப்புக்கான மற்ற காரணங்கள், அதாவது சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு எதுவும் இருக்கக்கூடாது. புகையிலை தவிர வேறு எதையும் குற்றம் சொல்ல முடியாத ஆளாக இருந்தால்தான் அவர் இந்த நோயாளி. வழக்கு மன்றத்தில் ஒரே ஒரு சாட்சியை மட்டும் நிறுத்தி, மற்ற சாட்சிகளையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கூண்டில் ஏற்றியது போல.

அந்த நிபந்தனைகளின் பயன் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்குச் செத்தவர்களுக்கு நோய் கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவோம். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குக் காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு 1949இல் அரண்மனையிலேயே நரம்பறுவை நடந்தது. அவர் பெரும் புகைப்பாளர். எனவே பர்ஜர் நோய்தான் என்று எழுதியவர்கள் உண்டு. நோய் தெரியவந்தபோது அவருக்கு 52 வயது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. நம் பக்கத்தில் கு.ப.ராஜகோபாலன். 1944இல் 42 வயதில் கால்களில் காங்கரின் கண்டு மறைந்தார். தமிழ்ச் சிறுகதையின் மிக மென்மையான கையொன்று கால் அழுகிப் போனது என்பதை நினைக்கும்தோறும் மனம் கூசுகிறது. ஆனால் அவருக்கு முப்பதுகளிலேயே கண்புரை வந்து பார்வை மங்கியிருந்தது. அது வேறு திசையைக் காட்டும் அடையாளம். வயதை மட்டும் பார்த்து அவரை இந்த அட்டவணையில் ஏற்றுவது பிழை. அட்டவணைகளின் மீது நமக்குள்ள மரியாதையும் அச்சமும் இதனால்தான்.

இனி நமக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி. சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் விசைத்தறி ஓட்டியவர். வயது முப்பத்தெட்டு. நம் உறவினர் ஒருவரின் தறிக்கூடத்தில் வேலை செய்தவர் என்பதால் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு ஒருமுறை நமக்கு வந்தது. பெருவிரல் கறுத்திருந்தது. அதற்குள் ஏழெட்டு மாதங்கள் ஓடிவிட்டிருந்தன. செருப்புக் கடி என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள். வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள். யாரோ செய்வினை என்றார்கள். கருப்பராயன் கோயிலில் கயிறு கட்டினார்கள். ஒருவருக்கும் அவர் பிடித்துக்கொண்டிருந்த பீடி நினைவுக்கு வரவில்லை. அவருக்கும்தான். வாயில் வைப்பது காலை எப்படிப் போய்த் தொடும்?

மருத்துவர் முதல் கேள்வியாகக் கேட்டார்: "பீடி குடிப்பியா?"

"ஆமாங்க."

"எத்தனை?"

"ரெண்டு கட்டுங்க. ஷிப்டு இருந்தா மூணு ஆகுமுங்க."

"அப்ப நீயே உன் காலை வெட்டிக்கிட்டே. எங்கிட்ட எதுக்கு வந்தே?"

அந்த மருத்துவர் கெட்டவர் அல்லர். அன்று காலையிலிருந்து அவர் பார்த்த அறுபதாவது ஆள் இவராக இருக்கலாம். அவர் சொன்னதில் மருத்துவப் பிழையும் இல்லை. ஆனால் நாம் கவனித்தது தறிக்காரரின் முகத்தை. காரணத்தைத் தெரிந்துகொண்டவரின் முகமாக அது இல்லை. திட்டு வாங்கியவரின் முகமாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் மதிலோரம் நின்று பற்றவைத்தார். நாம் கோபப்பட்டோம். அவர் சொன்னார்: "என்ற காலு நெருப்பா எரியுதுங்க வாத்தியாரே. ராத்திரி மூணு மணிக்கு ஊரே தூங்குது, நான் மட்டும் உக்காந்திருக்கறேன். இதக் குடிச்சாத்தானுங்க செத்த நேரம் வலி மறக்குது. அவரு சொல்றாப்பல விட்டுப்போட்டா, அந்த நேரத்துக்கு என்னுங்க பண்றது?"

நமக்கு விடை தெரியவில்லை. நோயைத் தரும் பொருளே வலியை மறக்கவும் வைக்கிறது. இந்த முடிச்சு அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, "பீடியத் தொடறதே இல்லீங்க, சாமி சத்தியமா" என்றார். பொய் சொல்லவில்லை. தறிக்கூடத்தில் பஞ்சு பறக்கும். அங்கே எப்போதுமே நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆகவே அங்கே பலரும் செய்வதைப் போல அவரும் பொட்டலப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். பீடி கூடாது என்றுதானே சொன்னார்கள்? மருத்துவர்கள் 'புகை' என்று கேட்கிறார்கள். இவர்கள் 'புகை இல்லை' என்று உண்மையாகவே பதில் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோயில் மெல்லும் புகையிலையும் அடைப்பை வளர்க்கவல்லது. நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட் என்று குறைத்துக்கொள்வதும் உதவுவதில்லை. முற்றாக விட வேண்டும். நம் ஊரில் பீடி 'குடிக்கிறோம்', புகையிலை 'போடுகிறோம்', பொடி 'போடுகிறோம்' அல்லது 'உறிஞ்சுகிறோம்'. மூன்றும் ஓர் இலைதான் என்பதை நம் வினைச்சொற்கள் மறைத்துவிடுகின்றன. ஒரே இலைக்கு இத்தனை வினைச்சொற்கள் வந்தது எப்படி என்று கேட்டால் கொங்கு நாட்டின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

புகையிலை நமக்கு வந்தேறிப் பயிர். சங்கப் பாடல்களில் அதற்கு இடமில்லை. போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்திறங்கிய அது, வந்த வேகத்தில் உறவாகிவிட்டது. கொங்கின் உப்புத்தன்மை கொண்ட கிணற்றுநீர் பல பயிர்களுக்கு ஆகாது. மெல்லும் புகையிலைக்கு மட்டும் அது உகந்தது; காரம் கூடும் என்பார்கள். சப்பைத் தண்ணீர்க் கிணற்றை வைத்துக்கொண்டு தவித்த குடியானவனுக்கு இந்த இலை சோறு போட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளத்துக்கு மூட்டை மூட்டையாகப் போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இது கண்ணில் படாமல் இருக்குமா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை, மலபார், கன்னடக் கரையோரம் ஆகிய பகுதிகளின் புகையிலை வணிகத்தைத் தம் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். கோவை மாவட்டக் கருவூலத்தில் நடந்த பெரும் மோசடியை 1816இல் தாமஸ் மன்றோ விசாரித்தபோது, புகையிலைக் கணக்கும் அதில் சிக்கியிருந்தது. நம் மாவட்டத்தின் ஊழல் வரலாறு தொடங்குமிடத்திலேயே இந்த இலையின் வாசனை அடிக்கிறது.

நம் இலக்கியமும் பின்தங்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடினார். காதல் கொண்ட தலைவி பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்புகிறாள். உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தார். அன்னமும் மேகமும் கிளியும் வகித்த பதவியை ஓர் உலர்ந்த இலை அடைந்தது என்றால் அதன் செல்வாக்கை என்னவென்பது! நாம் அந்நூலை வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறோம். மாணவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறோம். இன்றும் அது நல்ல நூல்தான். நோய் வருகிறது என்பதற்காகக் கவிதையைத் தள்ளி வைக்கும் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் அந்தத் தூது பழனிமலைக்குப் போய்ச் சேருமுன் எத்தனை பேருடைய பாத நாளங்களில் நின்றுவிட்டது என்ற எண்ணம் இப்போது பாடத்தின் நடுவே வந்து குறுக்கிடுகிறது.

கொங்கில் விருந்தினர் வந்தால் தண்ணீர்ச் சொம்புக்கு அடுத்து வருவது வெற்றிலைத் தட்டம். அதில் பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. எழவு வீட்டிலும் அதே தட்டம். பண்ணையத்தில் ஆளுக்குக் கூலியோடு புகையிலைக்குக் காசு கொடுப்பது வழக்கமாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். விளைவித்தவர்கள், விற்றவர்கள், வரி வாங்கியவர்கள், தட்டில் வைத்து நீட்டியவர்கள், பாடியவர்கள் என்று இத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கியது அந்தப் பழக்கம். கடைசியில் கறுத்த விரலோடு வந்து நிற்பவன் ஒருவன். அவனுடைய 'குணம்' என்று எழுதி மற்றவர்கள் கணக்கை முடித்துக்கொள்கிறோம்.

அதே 1908ஆம் ஆண்டு இன்னோர் அரிய தமனி நோயும் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரை நாளங்களில் விசித்திரமான மாற்றத்தைக் கண்டு எழுதினார். பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் அந்த நோயில் மணிக்கட்டில் நாடி காணாமல் போகும். பெரும்பாலும் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வருவது, ஆசியாவில் கூடுதல். ஏன் வருகிறது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. அந்தப் பெண்ணின் வயதும் பாலும் நாடும் அட்டவணையில் ஏறுகின்றன, ஆனால் யாரும் அவளைப் பார்த்து 'நீயே வரவழைத்துக்கொண்டாய்' என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத இடத்தில் இரக்கம் சுரக்கிறது. காரணம் தெரிந்த இடத்தில் அது வற்றிவிடுகிறது. விந்தையான உயிரினம் மனிதன்.

இப்படி எழுதினால் ஒரு சாரார் உடனே தலையாட்டுவார்கள் என்று தெரியும். 'ஆம், அவன் மீது தவறில்லை, அமைப்பின் மீதுதான் தவறு' என்பார்கள். அவர்களோடு நாம் பாதி தூரம்தான் நடக்க முடியும். ஏனென்றால் இந்த நோயில் காலைக் காப்பாற்றும் முதன்மையான வழி புகையிலையை விடுவது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை 1990இல் வெளியிட்ட நோயாளித் தொகுதியில், தொடர்ந்து புகைத்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உறுப்பிழந்தார்கள். விட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். நரம்பை அறுத்துப் பார்க்கிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை இழுத்துக் காலில் பதிக்கிறார்கள். நாளத்தை விரிக்கும் மருந்தை ஏற்றுகிறார்கள். சிலருக்குப் பயன் இருக்கிறது. ஆனால் அடைபடுவது நுனிக் கிளைகளே ஆதலால், இதயத்துக்குச் செய்வது போன்ற மாற்றுவழி அறுவைக்கு இணைக்க இடம் கிடைப்பதே அரிது. இலையை விட்டவனுக்குக் கிடைக்கும் பயனுக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அமைப்பு திருந்தும் வரை கால் காத்திருக்காது. ஆகவே 'விடு' என்று அவனிடம்தான் சொல்லியாக வேண்டும், கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்ன செய்தியோடு நமக்கு வழக்கில்லை. அதைத் தீர்ப்பாகச் சொன்னதோடுதான் வழக்கு. தீர்ப்புக் கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். 'இந்த விரல் போகும், பாதத்தைக் காப்பாற்றிவிடலாம், இரவு வலிக்கு இந்த மருந்து, எட்டு நாள் கழித்து வா' என்று கேட்டவன் ஒருவேளை திரும்பி வருவான்.

புகைப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை என்பதும் உண்மை. கோடிக்கணக்கானோர் புகைக்கிறார்கள், சிலருக்கே விரல் கறுக்கிறது. மரபில் ஏதோ ஒரு சாய்வு இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஈறு நோயோடு தொடர்பு இருக்கலாம் என்று ஜப்பானில் 2005இல் ஓர் ஆய்வு வந்தது. நோயாளிகளின் அடைபட்ட நாளங்களில் பல் ஈற்றில் வாழும் நுண்ணுயிரிகளின் தடயத்தைக் கண்டார்கள். அப்படியானால் பல் மருத்துவரைப் பார்க்க வழியில்லாத ஏழ்மையும் அட்டவணையில் வந்து உட்காருகிறது. பீடி இன்னொரு விவரம். வங்கதேசத்தில் நடந்த ஓர் ஒப்பீட்டாய்வு, சிகரெட்டைவிடப் பீடியில் ஆபத்து கூடுதல் என்று கண்டது. பீடி அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஆழ இழுக்க வேண்டும். மலிவாக இருப்பதன் விலை அது. இந்தியாவில் 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் சிகரெட் புகைப்பவர் நூற்றுக்கு 4.0 பேர், பீடி புகைப்பவர் 7.7 பேர்.

2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மன்றம் பீடியின் வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைக்க முடிவெடுத்தது. சிகரெட்டுக்கு 40. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காக்க என்று காரணம் சொல்லப்பட்டது. நெல்லையிலும் வேலூரிலும் முறம் மடியில் வைத்துச் சுற்றும் பெண்களின் பிழைப்பு பொய்யான காரணம் அன்று. அதை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது. ஆனால் ஓர் ஏழையின் விரலைக் காட்டி இன்னோர் ஏழையின் விரலை மறக்கச் செய்யும் கணக்கு இது. பணக்காரனின் சிகரெட்டுக்கு ஒரு வரியும் கூலிக்காரனின் பீடிக்கு அதில் பாதியும் வைத்துவிட்டு, கூலிக்காரனிடம் 'ஏன் விடவில்லை' என்று கேட்பது என்ன நியாயம்?

கட்டின் மேல் அச்சிடும் படங்களையும் பார்ப்போம். 2016 ஏப்ரலிலிருந்து உறையின் 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதி. பெரும்பாலும் நாம் பார்ப்பது வாயும் தொண்டையும்தான், புற்றுநோய்தான். ஆஸ்திரேலியாவில் 2006இலேயே அழுகிய பாதத்தைப் படமாகப் போட்டார்கள். நம் தறிக்காரர் ஏழெட்டு மாதங்கள் செருப்பையும் செய்வினையையும் சந்தேகித்தாரே, அந்த மாதங்களில் அவர் கையில் இருந்த கட்டில் ஒரு கறுத்த பெருவிரலின் படம் இருந்திருந்தால்? தன் காலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்க மாட்டாரா? எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குக்கூட அது புரிந்திருக்கும்.

நண்பருக்குப் படியைத் திருப்பி அனுப்பினோம். 'குணநலன்கள்' என்பதை அடித்து 'நோயாளிகளைப் பற்றிய விவரங்கள்' என்று மாற்றியிருந்தோம். கூடவே மூன்று வேண்டுகோள்கள். 'நீங்கள் புகைப்பவரா?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'பீடி, சிகரெட் குடிப்பீங்களா? பொகையெல, பொட்டலம் வாயில அடக்குவீங்களா? பொடி போடுவீங்களா?' என்று பேசுகிற தமிழிலேயே தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரவு வலிக்கு என்ன செய்வது என்பதற்கு ஒரு பக்கம் வேண்டும். அட்டையில் இருக்கும் மலர்க்கொத்துக்குப் பதிலாக ஒரு பாதத்தின் படம் வேண்டும்.

அவர் தொலைபேசியில் அழைத்தார். முதலாவதை ஏற்றுக்கொண்டார், "கையேட்டில் கொச்சைத் தமிழா?" என்று தயங்கிய பிறகு. இரண்டாவதற்கு மருத்துவர்களைக் கேட்டு எழுதித் தருவதாகச் சொன்னார். மூன்றாவதைப் பற்றி, "ஐயா, அட்டையைப் பார்த்தாலே பயந்து கீழே வைத்துவிடுவார்களே" என்றார். தறிக்காரரிடமே கேட்டோம். இடது பெருவிரலும் அடுத்த விரலும் போய்விட்டன, பாதம் இருக்கிறது. பீடியும் பொட்டலமும் விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறதாம். இப்போது தறி ஓட்டுவதில்லை, நூல்கண்டுக் கணக்கு எழுதுகிறார். "என்ற காலயே போட்டோப் புடிச்சுப் போடச் சொல்லுங்க வாத்தியாரே, மூஞ்சி மட்டும் வேண்டாமுங்க" என்றார். அதையும் நண்பரிடம் சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.